ரயிலுக்கு வெளிச்சம் சேர்த்துக் கொடுத்தவர் – காஸ்தோன் பிளாந்தே

(விஞ்ஞானிகள் வரிசை – அறிவியல் மன்றம்)



முதலில் ஒரு கேள்வி. நம்ம திருநெல்வேலி ஜங்ஷனில் இன்ஜின் இல்லாமல் ரயில் பெட்டிகள் மட்டும் தனியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய நீல நிறப் பெட்டி என்றால், இன்ஜின் மாட்டுவதற்கு முன்னாடியே உள்ளே லைட் எரியும், ஃபேன் சுத்தும். மேலே கரண்டு கம்பி போகுதே, அதிலிருந்து வருதா? இல்லை. அந்தக் கம்பியைத் தொடுவது இன்ஜின் மட்டும்தான். அப்போ பெட்டிக்குள் கரண்டு எப்படி வருது?

பெட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் விடை தெரியும். (தண்டவாளத்தில் இறங்கிப் பார்க்காதீங்க! பிளாட்பாரத்தில் தள்ளி நின்று எதிர்ப்பக்க ரயிலைப் பாருங்க, போதும்.) சக்கரங்களுக்கு நடுவில் இரும்புப் பெட்டிகள் தொங்கும். அதற்குள் வரிசையாக பேட்டரிகள். ஈயத்தையும் கந்தக அமிலத்தையும் வைத்துச் செய்த பேட்டரிகள். ஈய அமில பேட்டரி என்பார்கள். நம்ம வீட்டு இன்வெர்ட்டரிலும், அப்பாவோட பைக்கிலும், பஸ்ஸிலும் இருப்பதும் பெரும்பாலும் இதே வகைதான்.

இதைக் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த காஸ்தோன் பிளாந்தே. கண்டுபிடித்த ஆண்டு 1859. நம்ம ஊருக்கு ரயில் வந்ததே 1876 ஜனவரி 1-ஆம் தேதிதான். மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்குக் கிளைப் பாதை போட்டுத் திறந்தார்கள். அதற்கும் 17 வருஷம் முன்னாடி பிறந்துவிட்டது இந்த பேட்டரி. இன்றுவரை இதன் அடிப்படை மாறவில்லை!

பிறப்பும் படிப்பும்

பிளாந்தே 1834-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் பிரான்சின் தென்மேற்கு மூலையில் உள்ள ஓர்தெஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். இவருடைய தம்பி பிரான்சிஸ் பிளாந்தே புகழ்பெற்ற பியானோ கலைஞர். ஒரே வீட்டில் அண்ணன் மின்சாரத்தில் பேர் வாங்கினார், தம்பி சங்கீதத்தில் பேர் வாங்கினார்.

பிளாந்தே பாரிஸ் நகரத்துக்குப் போய்ப் படித்தார். 1854-ஆம் ஆண்டு, இருபது வயதில், அங்குள்ள கலை மற்றும் தொழில் கல்விக்கூடத்தில் இயற்பியல் துறையில் உதவியாளராகச் சேர்ந்தார். ஆசிரியர்களுக்குச் சோதனைச் சாமான்களை எடுத்து வைப்பது, சோதனையைச் செய்து காட்டுவது மாதிரியான வேலை. நம்ம லேப் அசிஸ்டென்ட் அண்ணன் செய்கிற வேலைதான் கிட்டத்தட்ட. அந்த வேலையை வைத்துக்கொண்டே அவர் தானும் ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்தார்.

பறவையில் ஆரம்பித்த புகழ்

ஆச்சரியம் என்னன்னா, பிளாந்தேயின் பெயர் முதலில் அறிவியல் உலகத்தில் பதிவானது மின்சாரத்தால் இல்லை. ஒரு எலும்பால்! 1855-இல் பாரிஸ் பக்கத்தில் மண்ணுக்குள் ஒரு பெரிய கால் எலும்பைக் கண்டுபிடித்தார். ஐந்து கோடி வருஷத்துக்கும் முன்னாடி வாழ்ந்த, பறக்க முடியாத ராட்சசப் பறவையின் எலும்பு அது. ஆள் உயரத்துக்கு நிற்கும் பறவை. அந்தப் பறவைக்கு இவருடைய முதல் பெயரைச் சேர்த்து காஸ்டோர்னிஸ் என்று பெயர் வைத்தார்கள். அப்போது அவருக்கு சுமார் 21 வயது.

வேறு ஆளாக இருந்தால் அந்தப் பாதையிலேயே போயிருப்பார். பிளாந்தே திரும்பவும் தன் கண்ணாடி ஜாடிகளிடம் வந்துவிட்டார்.

அந்தக் காலத்துப் பிரச்சினை

1850-களில் மின்சாரம் வேண்டுமென்றால் முக்கிய வழி, வோல்டா காலத்திலிருந்து வந்த மின்கலங்கள். துத்தநாகத்தையும் வேறு ஒரு பொருளையும் அமிலத்தில் வைப்பார்கள். துத்தநாகம் கரையக் கரைய மின்சாரம் வரும். துத்தநாகம் தீர்ந்துவிட்டால் அவ்வளவுதான், புதுசு போடணும். நம்ம கடிகாரத்தில் போடுகிற பேட்டரி செல் மாதிரி. தீர்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

தீர்ந்ததை மறுபடி நிரப்ப முடியுமா? இதுதான் பிளாந்தேயை உறங்கவிடாத கேள்வி.

இவருக்கு முன்னாலும் சிலர் இந்த விஷயத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ரிட்டர் என்பவர் 1800-களின் ஆரம்பத்திலேயே, மின்சாரம் செலுத்தப்பட்ட உலோகத் தகடுகள் கொஞ்ச நேரம் மின்சாரத்தைத் திருப்பித் தருவதைக் கவனித்திருந்தார். ஆனால் அது கொஞ்சூண்டு நேரம்தான். யாரும் அதைப் பயன்படுகிற பொருளாக மாற்றவில்லை.

பிளாந்தே என்ன செய்தார்? செம்பு, வெள்ளி, தங்கம், பிளாட்டினம், ஈயம் என்று ஒவ்வொரு உலோகமாக எடுத்தார். அமிலத்தில் வைத்தார். மின்சாரம் செலுத்தினார். பிறகு எது எவ்வளவு திருப்பித் தருகிறது என்று பொறுமையாக அளந்தார். விலை உயர்ந்த தங்கமும் பிளாட்டினமும் தோற்றுப்போயின. ஜெயித்தது யார் தெரியுமா? சாதாரண ஈயம்!

1859-இல் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளை எடுத்தார். ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இருக்க நடுவில் துணியை வைத்தார் (பிறகு ரப்பர் பட்டைகளுக்கு மாறினார்). பாய் சுருட்டுவது போல இரண்டையும் சேர்த்துச் சுருட்டினார். தண்ணீர் கலந்த கந்தக அமிலம் உள்ள கண்ணாடி ஜாடிக்குள் இறக்கினார். உலகத்தின் முதல் பயன்தரக்கூடிய, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரி தயார். சுருட்டியதற்குக் காரணம், சின்ன ஜாடிக்குள் பெரிய பரப்பளவை அடக்குவதற்காக.

அடுத்த வருஷம், 1860 மார்ச்சில், இப்படி ஒன்பது கலங்களைச் சேர்த்த பேட்டரியை பிரான்சின் அறிவியல் கழகத்திடம் சமர்ப்பித்தார். அப்போது அவருக்கு 26 வயதுகூட முழுசாக ஆகவில்லை.

குளம் நிரம்புவது மாதிரி

இது எப்படி வேலை செய்கிறது? சுலபமாகச் சொல்கிறேன்.

நம்ம தாமிரபரணியில் எப்போதும் ஒரே அளவு தண்ணீர் வராது. அதனால் பெரியவங்க என்ன செய்தாங்க? அணைக்கட்டு கட்டி, கால்வாய் வெட்டி, தண்ணீரைக் குளத்தில் தேக்கினாங்க. நெல்லைக் கால்வாயில் வருகிற தண்ணீர் நயினார்குளத்தில் நிரம்புதில்லையா, அது மாதிரி. ஆற்றில் தண்ணீர் குறைந்தாலும் குளத்திலிருந்து வயலுக்குப் பாய்ச்சலாம். பேட்டரியும் ஒரு குளம்தான். ஆனால் ஒரு வித்தியாசம். பேட்டரிக்குள் மின்சாரம் மின்சாரமாகவே தேங்கி நிற்பதில்லை. அது வேதிப்பொருளாக மாறி உட்கார்ந்திருக்கும்.

முழு சார்ஜில் இருக்கும்போது நேர்த்தகட்டில் ஈய டை ஆக்சைடு இருக்கும். பழுப்பு நிறம். எதிர்த்தகட்டில் பஞ்சு போன்ற சுத்த ஈயம் இருக்கும். சாம்பல் நிறம். நடுவில் கந்தக அமிலம். லைட்டைப் போட்டவுடன் நடப்பது இதுதான்:

ஈயம் + ஈய டை ஆக்சைடு + கந்தக அமிலம் → ஈய சல்பேட் + தண்ணீர் + மின்சாரம்

அதாவது இரண்டு தகடுகளிலும் வெள்ளையாக ஈய சல்பேட் படியும். அமிலம் செலவாகி, அதில் தண்ணீர் பங்கு கூடும். சார்ஜ் ஏற்றும்போது இதே வினை அப்படியே தலைகீழாக நடக்கும். ஈய சல்பேட் மறைந்து பழைய பொருட்கள் திரும்ப வரும். அமிலமும் திரும்ப வரும்.

ஒரு கலம் சுமார் 2 வோல்ட் தரும். அமிலம் தண்ணீரைவிடக் கனமானது. அதனால் ஹைட்ரோமீட்டரை உள்ளே விட்டு ஒப்படர்த்தியைப் பார்த்தாலே பேட்டரியில் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பஸ், லாரி பேட்டரிகளில் முழு சார்ஜில் சுமார் 1.28 காட்டும். இறங்கிவிட்டால் 1.15 பக்கம் வந்துவிடும். மெக்கானிக் கடையில் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சிப் பார்ப்பார்களே, அது இதுக்குத்தான். ஒன்பதாம் வகுப்பில் படித்த ஆர்க்கிமிடிஸ் தத்துவம் இங்கே வந்து நிற்குது பாருங்க!

பொறுமையின் மறுபெயர்

பிளாந்தே செய்த முதல் பேட்டரியில் ஒரு கஷ்டம் இருந்தது. புது ஈயத் தகடு வழுவழுவென்று இருக்கும். அதன் மேல்தோலில் மட்டும்தான் வினை நடக்கும். அதனால் ரொம்பக் கொஞ்சம் மின்சாரம்தான் சேரும்.

ஆனால் அவர் ஒன்றைக் கவனித்தார். சார்ஜ் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, இறக்கி என்று செய்யச் செய்ய, தகட்டின் மேற்பரப்பு பஞ்சு மாதிரி ஆகிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாகக் கொள்கிறது! உடனே அதையே ஒரு முறையாக மாற்றினார். ஒரு திசையில் மின்சாரம் செலுத்துவார். இறக்குவார். திசையை மாற்றிச் செலுத்துவார். நடுவில் ஓய்வு கொடுப்பார். முதலில் சில மணி நேரம் ஓய்வு, பிறகு சில நாள், பிறகு சில வாரம். இப்படி ஒரு பேட்டரி நல்ல நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். இதற்குத் தகட்டைப் பக்குவப்படுத்துதல் என்று பெயர்.

யோசித்துப் பாருங்கள். அவரிடம் டைனமோ கிடையாது. சார்ஜ் ஏற்றவே அந்தப் பழைய துத்தநாக மின்கலங்களைத்தான் பயன்படுத்தினார். ஒரு மின்சாரத்தைச் செலவழித்து இன்னொரு மின்சாரத்தைச் சேர்க்கிறான் பாரு என்று கேலி செய்ய இடமுண்டு. இருந்தாலும் அதிலும் ஒரு யுக்தி செய்தார். இரண்டே இரண்டு சிறிய மின்கலங்களை வைத்து, பல ஈயக் கலங்களைப் பக்க இணைப்பில் மெதுவாக நிரப்புவார். நிரம்பிய பிறகு ஒரு திருகு சாவியால் எல்லாவற்றையும் தொடர் இணைப்புக்கு மாற்றுவார். உடனே எல்லா வோல்டேஜும் கூடிப் பெரிய மின்னழுத்தம் கிடைக்கும். சொட்டுச் சொட்டாக நிரப்பி ஒரே வீச்சில் திறந்துவிடுவது! பின்னாளில் இப்படி 800 கலங்கள்வரை சேர்த்துச் சோதனை செய்தார். கலத்துக்கு 2 வோல்ட் என்றால் 1600 வோல்ட்! பத்தாம் வகுப்பில் தொடர் இணைப்பு, பக்க இணைப்பு கணக்கு எதுக்கு என்று கேட்பவர்கள் இதைப் படிக்கவும்.

இருபது வருஷக் காத்திருப்பு

இவ்வளவு நல்ல கண்டுபிடிப்பு உடனே உலகம் முழுக்கப் போயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? போகவில்லை. ஏறத்தாழ இருபது வருஷம் அது ஆய்வுக்கூடத்துச் சாமானாகவே இருந்தது. மருத்துவர்கள் சிலர் அறுவை சிகிச்சைக்குப் பிளாட்டினம் கம்பியைச் சூடாக்கப் பயன்படுத்தினார்கள். மெழுகுவர்த்தி பற்ற வைக்கும் மின்சாரக் கருவி ஒன்றையும் பிளாந்தே செய்தார். அதற்குச் சனியின் பற்றவைப்பான் என்று பெயர் வைத்தார். பழைய ரசவாதிகள் ஈயத்துக்குச் சனி கிரகத்தைச் சொல்வார்கள், அதனால் அந்தப் பெயர். மற்றபடி பெரிய உபயோகம் இல்லை. குளம் வெட்டியாச்சு, கால்வாயில் தண்ணீர் இல்லை என்கிற கதைதான்.

பிளாந்தே சும்மா இருக்கவில்லை. பகலில் ஆராய்ச்சி, ஓய்வு நேரத்தில் பாடம். 1860-இலிருந்து பொதுமக்களுக்கும் தொழிலாளர்களுக்கும் கல்வி தரும் ஒரு சங்கத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தார். தன் சோதனைகள் எல்லாவற்றையும் திரட்டி 1879-இல் மின்சார ஆராய்ச்சிகள் பற்றி ஒரு புத்தகமாக வெளியிட்டார்.

1870-களில் தண்ணீர் வந்தது! கிராம் என்பவர் நல்ல டைனமோவை உருவாக்கினார். இனி நீராவி இன்ஜினை வைத்தே மின்சாரம் எடுக்கலாம். பிளாந்தேயின் கலத்தை அந்த டைனமோவோடு இணைத்துக் கைப்பிடியைச் சுற்றியபோது பேட்டரி சார்ஜ் ஆனது. சுற்றுவதை நிறுத்தியதும் நடந்ததுதான் வேடிக்கை. கைப்பிடி நிற்கவில்லை! பேட்டரியில் சேர்ந்த மின்சாரம் திரும்பி வந்து அந்த இயந்திரத்தை அதே திசையில் தானாகச் சுற்றியது. இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ரயில் இன்ஜின் பற்றிச் சொல்லும்போது திரும்ப வரும்.

அடுத்து வந்தவர் கமில் ஃபோர். இவரும் பிரான்ஸ் நாட்டுக்காரர். மாதக்கணக்கில் தகட்டைப் பக்குவப்படுத்துவதற்குப் பதில், ஈய ஆக்சைடைக் குழம்பாக்கித் தகட்டில் பூசிவிட்டார். தோசைக்கல்லில் மாவு தேய்ப்பது மாதிரி. 1881-இல் இந்தப் பேட்டரி எல்லோருக்கும் அறிமுகமானது. தொழிற்சாலையில் வேகமாகச் செய்யலாம், மின்சாரமும் அதிகம் கொள்ளும். இன்றைக்கு பெரும்பாலான பேட்டரிகள் ஃபோர் வழியில்தான் செய்யப்படுகின்றன. ஆனால் ஈயம், ஈய ஆக்சைடு, கந்தக அமிலம் என்ற மூன்று பேர் கூட்டணி பிளாந்தே சேர்த்து வைத்ததுதான்.

ரயிலில் ஏறியது

அதே 1881-ஆம் ஆண்டு அக்டோபரில், இங்கிலாந்தில் லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் போன ரயிலில் ஒரு பயணிகள் பெட்டிக்கு ஃபோரின் பேட்டரிகளால் மின்விளக்கு போட்டார்கள். அதுவரை ரயிலில் எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்குதான். விபத்து நடந்தால் அந்த விளக்கே தீயாகப் பரவும் ஆபத்து இருந்தது. பிளாந்தே அப்போது 47 வயதில் உயிரோடு இருந்தார். 22 வருஷம் முன்னால் தான் சுருட்டி வைத்த ஈயத் தகடு ரயில் ஏறியதை அவர் காலத்திலேயே உலகம் பார்த்துவிட்டது.

ஆனால் அந்த பேட்டரியை ஊர் போய்ச் சேர்ந்ததும் இறக்கித்தான் சார்ஜ் பண்ணணும். 1890-களில் லண்டனைச் சேர்ந்த ஸ்டோன் நிறுவனம் அதற்கும் வழி கண்டது. பெட்டியின் சக்கர அச்சிலிருந்து ஒரு பெல்ட் போட்டு, பெட்டிக்கு அடியிலேயே ஒரு டைனமோவைச் சுற்ற வைத்தார்கள். ரயில் ஓடினால் டைனமோ சுற்றும், விளக்கும் எரியும், பேட்டரியும் நிரம்பும். ரயில் நின்றால் பேட்டரி கொடுக்கும். இந்த ஏற்பாடு இந்திய ரயில்வேயிலும் பரவியது.

நம்ம பெட்டிக்கு அடியில்

நம்ம ஊர் பழைய நீலப் பெட்டிகளிலும் இதே தத்துவம்தான். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் இருக்கும். அதிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரத்தை ரெக்டிஃபையர் நேர்திசை மின்சாரமாக மாற்றும். பேட்டரிக்கு நேர்திசை மின்சாரம்தான் ஆகும். பேட்டரியிலிருந்து மின்சாரம் பின்னால் ஓடிப் போகாமல் தடுப்பதும் இந்த ரெக்டிஃபையர்தான். மதகுக் கதவு மாதிரி.

ஏசி இல்லாத பெட்டியில் 110 வோல்ட் நேர்திசை மின்சாரம், 120 ஆம்பியர்-மணி பேட்டரி. 110 வோல்ட் எப்படி வரும்? 56 கலங்களைத் தொடர் இணைப்பில் போடுவார்கள். 56 × 2 = 112 வோல்ட். கணக்கு சரியா வந்துட்டா?

இன்னொரு கணக்கு. பெட்டியில் லைட்டும் ஃபேனும் சேர்ந்து 30 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 120-ஐ 30-ஆல் வகுத்தால் 4 மணி நேரம். அதுக்குள் ரயில் கிளம்பணும், இல்லை சார்ஜர் போடணும். ஏசி பெட்டிக்கு இது காணாது. அதற்கு 1100 ஆம்பியர்-மணி பேட்டரி. ஒன்பது மடங்குக்கும் மேலே!

ரயில் மெதுவாகப் போனாலும் பேட்டரிக்கு வேலை உண்டு. ஆல்டர்னேட்டர் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேலே சுற்றினால்தான் போதுமான மின்சாரம் தரும். செங்கோட்டை தாண்டி பகவதிபுரத்திலிருந்து ஆரியங்காவு மலைக்கு ஏறும்போது ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகத்தான் போகும். வழியில் குகை வேறு. இந்த மாதிரிப் பெட்டி அந்த ஏற்றத்தில் மெதுவாகப் போகிற நேரத்தில் உள்ளே எரியும் லைட்டுக்குக் கைகொடுப்பது ஈயம்தான்.

இப்போது வருகிற புதுப் பெட்டிகளில் மின்சாரம் இன்ஜினிலிருந்தோ ஜெனரேட்டர் பெட்டியிலிருந்தோ வருகிறது. அதனால் நீலப் பெட்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆனாலும் மெயின் கரண்டு போய்விட்டால் இருட்டாகிவிடக் கூடாது என்று அவசர விளக்குகளுக்குப் பேட்டரி வைத்திருக்கிறார்கள்.

இன்ஜினை எழுப்புவதும் பேட்டரிதான்

டீசல் இன்ஜின் தானாக உயிர் பெறாது. யாராவது முதலில் சுற்றிவிடணும். அவ்வளவு பெரிய இன்ஜினை யார் சுற்றுவது? நம்ம திருச்செந்தூர், செங்கோட்டைப் பாதைகளில் மீட்டர் கேஜ் காலத்தில் ஓடிய டீசல் இன்ஜின் ஞாபகம் இருந்தால் அப்பா அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். இந்திய ரயில்வேயில் நெடுங்காலம் ஓடிய டீசல் இன்ஜின்களில் 8 வோல்ட் பேட்டரிகள் எட்டு இருக்கும். 8 × 8 = 64 வோல்ட். டிரைவர் ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் பேட்டரி மின்சாரம் இன்ஜினின் மெயின் ஜெனரேட்டருக்குப் போகும். ஜெனரேட்டர் அந்த நேரம் மோட்டாராக மாறி இன்ஜினைச் சுற்றிவிடும். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் மோட்டார் மறுபடி ஜெனரேட்டர் ஆகிவிடும்.

கைப்பிடியை விட்ட பிறகும் சுற்றியதே கிராம் இயந்திரம், ஞாபகம் வந்துட்டா? அதேதான் இது! ஆயிரக்கணக்கான குதிரைத்திறன் உள்ள இன்ஜினும் அந்த முதல் சில நொடிகளுக்கு ஈயத்தின் தயவில்தான் இருக்கு.

ஸ்ரீவைகுண்டம் சொன்ன பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம்ம தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை யாரும் மறக்க முடியாது. அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பயணிகள். சுற்றிலும் தண்ணீர். ஒரு பகுதியினரைப் பக்கத்தில் இருந்த பள்ளிக்குக் கொண்டு போனார்கள். மீதிப் பேர் ஸ்டேஷனிலும் ரயிலிலும் இருந்தார்கள். 19-ஆம் தேதிதான் எல்லோரையும் மீட்க முடிந்தது.

அந்த மாதிரி நேரத்தில் வெளியிலிருந்து எதுவும் வராது. கையில் சேர்த்து வைத்தது எதுவோ அதுதான். ஸ்ரீவைகுண்டத்தில் ஊர் ஜனங்கள் தங்கள் வீட்டில் இருந்ததைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். சேமிப்பின் அருமை பஞ்சத்திலும் வெள்ளத்திலும்தான் தெரியும். பேட்டரியும் அப்படித்தான். எல்லாம் ஒழுங்காக ஓடும்போது அதை யாரும் நினைப்பதில்லை. நின்றுபோகும்போதுதான் அது முன்னால் வரும்.

பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு

ஒன்று, இறங்கிய பேட்டரியை அப்படியே போட்டுவைப்பது. தகட்டில் படிந்த ஈய சல்பேட் நாளாக ஆகக் கெட்டிப்பட்டுப் பாறை மாதிரி ஆகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. இரண்டு, தண்ணீர் குறைவது. சார்ஜ் ஏறும்போது தண்ணீர் கொஞ்சம் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து போகும். அதனால் திறந்த வகை பேட்டரியில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றணும். ரயில்வேயில் டிரெயின் லைட்டிங் பிரிவு ஊழியர்கள் ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து வோல்டேஜ் பார்ப்பதும், பெல்ட் பார்ப்பதும் இதுக்காகத்தான். ராத்திரி நாம் நிம்மதியாக உறங்கிக்கொண்டு போவதற்குப் பின்னால் அவர்கள் உழைப்பு இருக்கு. இப்போது மூடிய வகை பேட்டரிகளும் வந்துவிட்டன. அவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

கவனம்!

நண்பர்களே, பழைய பேட்டரியை வீட்டில் உடைத்துப் பார்க்காதீர்கள். கந்தக அமிலம் தோலையும் கண்ணையும் எரித்துவிடும். ஈயம் விஷம். முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பேட்டரியை உடைத்து அமிலத்தைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ ஊற்றினால் அது நம்ம ஆற்றுக்குத்தான் போகும். பழைய பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் அந்த ஈயத்தை உருக்கிப் புது பேட்டரி செய்யலாம். இதற்கு 2022-இல் மத்திய அரசு விதிகளே கொண்டுவந்திருக்கு.

கடைசிக் காலம்

பிளாந்தே கடைசிவரை ஆராய்ச்சியை விடவில்லை. 800 கலங்களை வைத்து உயர் மின்னழுத்தம் உண்டாக்கி, மின்னல் எப்படி உருவாகிறது, பந்து மின்னல் என்பது என்ன என்றெல்லாம் ஆய்வு செய்தார். 1889 மே 21-இல், பாரிஸ் அருகே பெல்வியூ என்ற இடத்தில் காலமானார். வயது 55தான்.

பிரான்சின் அறிவியல் கழகம் அவர் பெயரில் ஒரு பரிசு வழங்கியது. 1895-இல் அந்தப் பரிசைப் பெற்றவர் யார் தெரியுமா? பியர் கியூரி! மேரி கியூரியின் கணவர். நிலவின் மறுபக்கத்தில் உள்ள ஒரு பள்ளத்துக்கும் பிளாந்தே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மண்ணுக்குள் கிடந்த பறவைக்கும் அவர் பெயர், நிலவில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர். பல்கேரியா நாட்டு அறிவியல் கழகம் 1989 முதல் ஈய அமில பேட்டரி ஆராய்ச்சியாளர்களுக்கு பிளாந்தே பதக்கமும் வழங்கியது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

பிளாந்தேயின் தகடு முதல் நாள் கொஞ்சம்தான் கொண்டது. ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, ஓய்வு கொடுத்து, மறுபடி ஏற்றி என்று செய்த பிறகுதான் நிறையக் கொண்டது. படிப்பும் அப்படித்தானே? ஒரு தடவை படித்தால் மேல்தோலில் ஒட்டும். படித்து, எழுதிப் பார்த்து, மறந்து, திரும்பப் படித்தால்தான் உள்ளே இறங்கும். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி மட்டும் சார்ஜ் ஏற்றுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்! (சார் சொல்லச் சொன்னாங்க, நானும் சொல்லிட்டேன்.)

இந்த மாதக் கேள்விகள்

1. ஒரு டீசல் இன்ஜினின் 64 வோல்ட் பேட்டரியில் மொத்தம் எத்தனை ஈய அமிலக் கலங்கள் இருக்கும்?
2. 1100 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர் எடுத்தால் எத்தனை மணி நேரம் வரும்?
3. பேட்டரி சார்ஜ் ஆகும் இடத்தில் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. ஏன்? (விடை இந்தக் கட்டுரைக்குள்ளேயே இருக்கு.)

விடைகளைப் பெயர், வகுப்புடன் அறிவியல் மன்றப் பெட்டியில் போடவும். சரியான விடை எழுதியவர்கள் பெயர் அடுத்த இதழில் வரும்.